தொண்ணூறாயிரம்

ராயப்பன் கேட்பது தொண்ணூறாயிரம்.
மூன்று டோர்னமெண்ட், லாட்ஜில் தனி ரூம்,
காலையில் ஆறு முட்டை.
சங்கத்தின் கையிருப்பு ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுநூறு.
எழுநூறில் ஒரு நூறு கிழிந்தது,
நானே ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன வருஷத்து டீம் இப்போது இல்லை.
தாமோதரன் ரயில்வேயில் சேர்ந்து அரக்கோணத்துக்கு ஆடுகிறான்.
சர்தார் ஷார்ஜாவில் ஏசி மாட்டுகிறான்.
வஜ்ஜிரவேலுவுக்கு முட்டியில் நீர்.
மிச்சம் ப்ளஸ் டூ பையன்கள் ஐந்து பேர்,
பாலிடெக்னிக்குக்குப் பாதி நாள் போகிற இலியாஸ்.
எதிரி அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.
மாதனூரிடம் இருபத்தைந்துக்கு எட்டு.
பள்ளிகொண்டாவிடம் எவ்வளவு என்று
நோட்டில் எழுதவில்லை.

கமிட்டி கூடியது தீப்பெட்டி குடோனில்.
பீடி பற்றவைக்க முடியாத இடம்,
சீக்கிரம் முடிந்துவிடும் என்றிருந்தேன்.
பலராமன்:
'ஒருத்தன் எகிறி அடிச்சாத்தான் ஜனம் வரும்.
சிரசுத் திருவிழாவுக்கு மறுநாள்
எட்டுக்குத் தோக்கறத பாக்க
எவன் இன்னாத்துக்கு வரான்?'
நஸ்ருல்லா:
'அந்தத் துட்டுல மூணு வருஷத்துக்கு
நெட்டு, பந்து, ஷூ, பசங்களுக்குச் சுண்டல்.
அவன் அடிச்சிட்டு பஸ் ஏறிடுவான்.
அப்புறம் நாலாம் நம்பர்ல யாரு, நீ நிப்பியா?'
இந்தப் பக்கம் இரண்டு கை, அந்தப் பக்கம் இரண்டு.
பொருளாளர் சொல்லட்டும் என்றார்கள்.
கணக்கு எழுதுகிறவனுக்கும் ஓட்டு உண்டென்று
அன்றைக்குத்தான் தெரியும் எனக்கு.

ஒரு ராத்திரி டைம் கேட்டேன்.
கௌண்டன்யாவில் தண்ணீர் இல்லை,
நெல்லூர்பேட்டைப் பக்கம் மணலில் நடந்தேன்.

எனக்கு அவனைப் பிடிக்கும். அதைச் சொல்லிவிட வேண்டும்.
ஆம்பூரில் ஒரு ராத்திரி மேட்ச்.
ஆறு கைகள் தூக்கிக்கட்டிய சுவருக்கு மேலே
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தான்.
எந்த விரல் தளர்ந்திருக்கிறது என்று பார்த்தான்,
பிறகு அடித்தான்.
கோட்டிலிருந்து தெறித்த சுண்ணாம்பு என் சட்டையில்.
இரண்டு நாள் துவைக்கப் போடவில்லை.

தோற்றே பழகினால் தோற்கத்தான் வரும், அதுவும் ஒரு கணக்கு.
காசு கொடுத்து ஜெயித்தால் யார் ஜெயித்தது, இதுவும் ஒரு கணக்கு.
இரண்டையும் கூட்டிப் பார்த்தேன்,
மணல் செருப்புக்குள் புகுந்ததுதான் மிச்சம்.

காலையில் போன் போட்டேன்,
ஐந்தாயிரம் குறைக்கச் சொல்லத்தான்.
'தூக்கிக் குடுக்குறது யாருண்ணே?'
இலியாஸ். பதினேழு வயசு.
'பந்து எங்க வருது?'
ஒரு நாள் தலைக்கு மேல், ஒரு நாள் ஆண்டெனாவுக்கு வெளியே.
சத்தமில்லை. அவன் வீட்டில் குக்கர் விசில் அடித்தது,
யாரோ வந்து அணைத்தார்கள்.
'அப்ப இந்த வருசம் நான் வந்தா
அவனத் திட்டத்தான் செய்வேன்.
திட்டுனா கை நடுங்கும்ணே,
நடுங்கிப் பழகுன கை பெறகு நிக்காது.
அடுத்த வருசம் கூப்பிடுங்க, எம் முட்டி இருந்தா வாரேன்.'
பிறகு, போனை வைக்கப் போகிற மாதிரி வந்து,
'காசு தேவைதான். அது வேற.'

கமிட்டியிடம் சொன்னேன்,
ஒன்றேகால் லட்சம் கேட்கிறான் என்று.
'கொழுப்பப் பாரு' என்றார் பலராமன்.
நஸ்ருல்லாவுக்குச் சிரிப்பு, எல்லோருக்கும் டீ சொன்னார்.
பதினாறு வருஷத்தில் நான் எழுதிய பொய்க் கணக்கு
இது ஒன்றுதான்.
அவன் பேரில் எழுதியதுதான் உறுத்துகிறது.

புது நெட் நாலாயிரத்து இருநூறு. ரசீது இருக்கிறது.
அடுத்த பக்கத்தில் ராயப்பன் என்று பென்சிலில் எழுதி
எதிரே தொகை போடாமல் விட்டிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் இலியாஸ் தூக்கியதில்
பத்துக்கு மூன்று சரியாக வந்தன.
நாலாம் நம்பருக்கு மேலே, ஒரு முழம் உள்ளே,
அவன் ஆம்பூரில் நின்ற அதே உயரத்தில்.
எங்கள் பையன்
அதற்குள் குதித்து இறங்கிவிட்டிருந்தான்.