ஆண் மூடு

ஊர்ப்பெயரே வேர்க்கிளம்பி.
அப்படியிருந்தும்
மதிலுக்கு ஒன்றரை அடி தள்ளி
ஒரு மூடு சக்கை நட்டவள் நான்.
ஆறாம் வருஷம் வேர் கிளம்பியது.
மதில் இப்போது தொப்பை தள்ளி நிற்கிறது.

குவைத்தில் பதினாறு வருஷம்
அடுத்தவர் மூத்திரத்தை மில்லியில் அளந்து எழுதியவள்
பதினான்கு சென்ட் விளைக்கு வந்ததும்
அளவையே மறந்துபோனேன்.
முருங்கைக்கு யூரியாவைக் கைநிறைய வீசினேன்,
இலையாய்த் தழைத்துத் தள்ளியது, ஒரு காய் இல்லை.
கறிவேப்பிலைக்கு நேரம் தவறாமல் தண்ணீர்,
மருந்து கொடுத்துப் பழகிய கை.
பிடுங்கியபோது அதன் வேரில்
பழங்கஞ்சி வாடை.
செந்துளுவன் குலை தள்ளிய வாரம்
முட்டுக் கொடுக்க நாளைக்கு ஆள் சொல்லலாம் என்றிருந்தேன்.
அன்றைக்கு ராத்திரியே காற்று.

இதெல்லாம் சர்ச் விட்டு நிற்கும்போது
சொல்லிச் சிரிக்கக்கூடியவை. சிரித்துமிருக்கிறேன்.

ஜாதிக்காய் மரத்தைப் பற்றி
யாரிடமும் சொன்னதில்லை.

குலசேகரத்தில் வாங்கிய தை, முழங்கால் உயரம்.
ஒக்கி அடித்த இரவு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
துணி காயப்போடும் கயிற்றை அறுத்து
அதைக் கம்போடு சேர்த்துக் கட்டினேன்.
விடிந்தபோது நாலு தெங்கு கிடந்தது,
எதிர்விளை ரப்பர் வரிசையோடு கிடந்தது,
அது நின்றது.

ஏழாம் வருஷம் பூத்தது.
கொத்துக்கொத்தாய் வெளிர்மஞ்சள் மணிகள்.
போட்டோ எடுத்து மகள்கள் இருவருக்கும் அனுப்பினேன்.
எட்டாம் வருஷமும் பூ, பூ மட்டும்.
விவசாய ஆபீஸ் பையன்
ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்து
"இது ஆணாக்கும்" என்றான்.
"நெழலுக்கு ஆவும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் சரோஜபாய் அக்காவுக்கு
ஆறு மூடு ஜாதி, ஆறும் பெண்.
ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய
ஜாதித்தொண்டு ஊறுகாய் போட்டு
மதில்மேல் வைத்துவிட்டு ஒரு கூப்பாடு போடுவாள்.
எனக்கு இல்லாததை
எனக்கே ருசிகாட்டுகிறாள் என்று நினைத்தேன்.
கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டுதான் நினைத்தேன்.

மகளின் பிரசவத்துக்கு அவள் நாகர்கோவில் போன வாரம்
ஜஸ்டஸ் மெஷின் வாளோடு வந்தான்.
பத்து நிமிஷம்.
ஒக்கிக்குப் பணியாததை
எழுநூறு ரூபாய்க்குச் சாய்த்தேன்.
அந்த இடத்தில் நல்ல வெயில் விழுந்தது.
பப்பாளி வைக்கலாம் என்று பட்டது.

திரும்பி வந்த அக்கா
குற்றியைப் பார்த்தாள்.
கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.
"வெட்டினியா" என்றாள்.
அது கேள்வி இல்லை.

பிடித்த பிஞ்சு முதிர ஒன்பது மாதம்.
அதனால் அந்தத் தடவையும் பாட்டில் வந்தது.
அடுத்த வருஷம்
மதில்மேல் ஓணான்தான் இருந்தது.
ஆறு மரமும் பூத்தன,
பூத்ததெல்லாம் கொட்டின,
அவள் தினமும் தூத்துக் கூட்டும் சத்தம்
என் அடுக்களைவரை கேட்டது.

அப்போதுதான் விரல்விட்டு எண்ணினேன்.
முதல் பாட்டில் வந்தது
என் மரம் பூத்த மறுவருஷம்.
அவள் சொல்லியிருக்கலாம்.
நான் கேட்டிருக்கலாம்.
பெயர் தெரியாத பொடிவண்டுகள் மதில் தாண்டிப் போவதை
கட்டன்சாயா குடித்துக்கொண்டே
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அத்தனை காலையும்.

நேற்று பஸ் ஏறி அதே நர்சரிக்குப் போனேன்.
"ஒட்டுத் தை இருக்கு, பெண்ணு, உறுதி" என்றான்.
"ஆண் வேணும்."
ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான்.
கடைசி வரிசையில்
யாரும் எடுக்காமல் ஒன்று கிடந்தது,
பாதி விலைக்குத் தந்தான்.
இரண்டாவதும் பெண்ணாய்ப் பிறந்தபோது
மாமியார் வார்டு வாசலில் சொன்ன அதே இரண்டு சொல்
என் வாயில் வந்ததை
ஆற்றூர் தாண்டியபோது நினைத்து
ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

மதிலிலிருந்து பன்னிரண்டு அடி, டேப் வைத்து அளந்தேன்.
ஒட்டென்றால் நாலு வருஷத்தில் பூக்குமாம்.
எனக்கு அறுபத்திரண்டு ஆகும்,
அக்காவுக்கு எழுபது.

மம்பட்டி போட்டுக்கொண்டிருக்கையில்
மதிலுக்கு அப்பால்
வாளியை வைக்கிற சத்தம்.
நான் நிமிரவில்லை.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு

"குழிக்கு ஆழம் காணாது"
என்றாள்.