அரைப்பேர்

கருவி ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான்.
நாற்பத்தொரு கேள்வியை நாலாய் மடித்து
அதோடு பைக்குள் வைத்துக்கொண்டு
நோர்வூட்டில் பஸ் இறங்கினேன்.
சவுக்குமலைத் தோட்டம், பணிய லயம்.
தலைக்குமேல் ஆறு கம்பிகள்
மூடுபனிக்குள் நுழைந்து, வெளிவந்து, மறுபடி நுழைந்து
கொழும்புப் பக்கம் போகின்றன.

கம்பி வந்தது அறுபத்தொன்பதில்.
லயத்துக்குக் கரண்ட் வந்தது தொண்ணூற்றெட்டில்.
படிவத்தில் இது இல்லை;
கேட்காமலே எல்லா வீட்டிலும் சொன்னார்கள்.

புஷ்பகாந்தியின் மகன் அனுஷன்
மகரகமவில் எட்டு மாதம் கிடந்து வந்தவன்.
தொப்பியைக் கழற்றமாட்டேன் என்றான்.
அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது:
அவன் வயிற்றிலிருந்தபோது கம்பி இரைந்த இரவுகள்,
மழைநாளில் துணிக்கொடியைத் தொட்டால் சுண்டியது,
புல்லுக்கு மருந்தடித்த கையோடு
புருஷன் பிள்ளையைத் தூக்கிய ஒரு மத்தியானம்.
எழுத இடம் போதாமல்
தாளைத் திருப்பினேன்.

ஒப்பிட ஒரு சுகமான பிள்ளை வேண்டும்.
அதே வயது, அதே பிரிவு.
பட்டியலில் முதலாவது, இரண்டு காம்பரா தள்ளி
செபமாலையின் மகள்.
செபமாலை கூடையை இறக்கவில்லை.
"ஒங்க கேள்விக்கு ஒரு மணித்தியாலம் போகும்.
நிறுவையில ரெண்டு கிலோ கொறஞ்சா
அரைப்பேருதான் போடுவாரு கணக்கப்புள்ள.
மிச்ச அரைப்பேர
கெம்பஸ் குடுக்குமா?"

கொடுக்காது.
'மறுத்தார்' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.
இரண்டாவது வீடும் மறுத்தது.
மூன்றாவது கதவில் பூட்டு.
விதிப்படி அடுத்த வட்டாரம்:
டவுனில் டிஸ்பென்சர் ஐயா வீடு.
கேட், ரோசாச்செடி, இரண்டு வகை பிஸ்கட்,
கண்ணுக்கெட்டிய வரை கம்பியே இல்லை.
அந்த அம்மா பொறுமையாய் உட்கார்ந்து
கேள்விக்குக் கேள்வி
"அப்பிடி ஒண்டும் ஞாபகமில்லை" என்றார்.

பிறகு பேராதனையில் மண்டபம், திரை, ஒலிவாங்கி.
டாக்டர் செனவிரத்ன சொன்னார்:
நோயாளிப் பிள்ளையின் தாய் தேடித்தேடி நினைப்பாள்,
அது நினைவின் சாய்வு.
டாக்டர் நவரத்தினராசா சொன்னார்:
மறுத்தவர்கள் யார் என்று பாருங்கள்.
கம்பிக்கடியில் இருக்கும் சுகமான பிள்ளைகள்
கணக்கிலிருந்து உதிர்ந்துபோனால்
கம்பி செய்யாததையும் செய்ததாகத் தெரியும்.
பின்வரிசையில் ஒரு குரல்:
கம்பிக்காரன் காசில் செய்த ஆய்வில் மட்டும்
ஏன் ஒன்றுமே தெரிவதில்லை?
அதற்கு முன்வரிசை:
பயத்தில் செய்த ஆய்வில் மட்டும்
ஏன் எல்லாமே தெரிகிறது?

சாய்வு, சாய்வு என்றார்கள், தேத்தண்ணி வரும்வரை.
சவுக்குமலையில் சாய்வில்லாத நிலம்
பிள்ளைக்காம்பரா வாசல் மட்டும்.
மற்ற இடத்திலெல்லாம்
ஒரு காலை மேலே, ஒரு காலைக் கீழே ஊன்றித்தான்
நிற்கிறார்கள், ஒன்றைப் பிடுங்குவதற்கு.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம்.
கருவியை எந்தச் சுவரோரம் வைப்பது என்றபோது
புஷ்பகாந்தி இரண்டு இடம் காட்டினாள்.
வருத்தத்துக்கு முன்னால் அவன் பாய் கிடந்த இடம்.
இப்போது கிடக்கிற இடம்.
விதி சொன்னது இப்போதையதை.
நான் முன்னதில் வைத்தேன்.
அதுதான் சரி என்று நினைத்தா,
அவள் பார்த்த பார்வைக்காகவா,
இன்னும் எனக்கே தெரியவில்லை.
அந்த எண் இப்போது ஒரு சராசரிக்குள் கரைந்திருக்கிறது,
தேத்தண்ணியில் சீனி மாதிரி.

அறிக்கை வந்தது.
சிறு தொடர்பு. உறுதியாய்ச் சொல்வதற்கில்லை.
மேலும் ஆய்வு தேவை.

அட்டன் பஸ்ஸில் செபமாலையைக் கண்டேன்.
"என்னாச்சு, கம்பிதானா?"
"தெரியல."
"தெரியலன்னு சொல்ல
ஒங்களுக்கு எத்தன பேரு போட்டாங்க?"
இருபத்தாறு நாள். எல்லாம் முழுப்பேர்.
சொன்னேன். சிரித்தாள்.
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு,
"எம் மகளும் அந்தக் கம்பிக்கடியிலதான் தூங்குறா.
நல்லாத்தான் இருக்கா.
அத எங்கயாச்சும் எழுதுனீங்களா?"