அடிக்கிற மருந்து

ஸ்டாங்கர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்
எனக்கு நாற்காலி கிடையாது.
சாட்சிக் கூண்டுக்கும் மேசைக்கும் நடுவே
ஒன்பது வருஷம் நின்றிருக்கிறேன்,
இந்தப் பக்கம் தமிழை வாங்கி
அந்தப் பக்கம் இங்கிலீஷை நிறுத்துக் கொடுத்தபடி.
எடை குறைவென்று
யாரும் புகார் சொன்னதில்லை.

அன்றைக்குச் செங்கான் சாவு விசாரணை.
கரும்புக்குள் மண்டும் புல்லைக் கருக்க
டின்னிலிருந்து வாளிக்கு,
வாளியிலிருந்து பம்புக்கு
வெறுங்கையால் கலக்கி ஊற்றியவன்.

டாக்டர் முதலில் ஏறினார்.
பாய்சன் என்றார், அப்புறம் டாக்ஸிக் என்றார்,
ஆர்சனிக், டோஸ், ஃபேட்டல்.
ஒவ்வொன்றும் வேறு வேறு சீசா,
வேறு வேறு மூடி.
நான் எல்லாவற்றையும் ஒரே குடத்தில் கொட்டி
விஷம், விஷம் என்றேன்.
உண்ணாமலை தலையாட்டினாள்.
அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை.

அவள் முறை வந்தது.
வயிற்றின் மேல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு,
"மருந்து உள்ளே போயிருச்சு தொரை,
மூணு நாளா அவரு மேலே மருந்து வாடை,
மருந்துதான் கொன்னுருச்சு."

மெடிசின் என்றேன்.
மெடிசின் உள்ளே போனது.
மெடிசின் கொன்றது.
நாக்கு
தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மாடு மாதிரி
பழகின தடத்தில் போய்விட்டது.

எஸ்டேட் வக்கீல் அவசரமில்லாமல் எழுந்தார்.
"எந்த வைத்தியன் கொடுத்தது?"
கேட்டேன்.
"வைத்தியரா? சர்தார் கொடுத்தது தொரை.
குடிக்கிற மருந்தில்லே,
அடிக்கிற மருந்து."

அங்கே ஒரு மூச்சு நேரம் இருந்தது.
மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.
ஸ்ப்ரே என்ற சொல் எனக்குத் தெரியும்.
பிசகு என்னுடையது, யுவர் வொர்ஷிப்,
என்பதும் தெரியும்,
ஒன்பது வருஷமாகப் பிறருக்காக அதைச் சொல்லியிருக்கிறேன்.
சம்பளம் எட்டுப் பவுன். வீட்டில் ஐந்து பேர்.
"உடம்பில் தடவுகிற மெடிசின்" என்றேன்.
பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் டாக்டர் பக்கம் திரும்பினார்:
"இந்திய வைத்தியர்கள் மருந்தில் ஆர்சனிக் சேர்ப்பதுண்டா?"
"உண்டு."
பாஷாணம், ஆமாம், உண்டுதான்.
பேனா ஓடிற்று.
இன்னதென்று தெரியாத நாட்டு மருந்தால் மரணம்.
குற்றவாளி எவருமில்லை.
இதையும் நான்தான்
அவளுக்குத் தமிழில் சொன்னேன்,
ஒரு சொல் பிசகாமல்.

அடுத்த மாதம் டர்பனில்
பதினோரு ஷில்லிங்குக்கு ஒரு தடித்த அகராதி.
விளக்கு வைத்துப் புரட்டினேன்.
டாக்ஸிக் வில்லிலிருந்து வந்ததாம்,
அம்பு முனையில் தடவியது.
வெனம் ஆதியில் வசிய மருந்தாம்,
நம் ஊரில் சோற்றில் பிசைந்து வைப்பார்களே, அது.
பாய்சன்?
வைத்தியன் ஊற்றிக் கொடுத்த ஒரு மிடறு.
அவ்வளவுதான்.
அவர்கள் பாட்டன்களும் எங்கோ ஒரு குடிசையில்
மருந்து என்றே சொல்லிச் செத்திருக்கிறார்கள்.
மாஜிஸ்திரேட்டுக்கு இது தெரியுமா என்று யோசித்தேன்.
தெரிந்தால் மட்டும்.
அகராதியை மூடினபோது
ஒரு கரும்புப் பூச்சி உள்ளே நசுங்கிற்று.

பிப்ரவரியில் மழை.
ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது,
தமிழ் பேசுகிறவன் வேண்டும் என்று.
நர்ஸுக்கு ஜூலுவும் இங்கிலீஷும்தான்.
திரைக்கு வெளியே நிறுத்தினார்கள்.
உள்ளே குழந்தை அழுதாயிற்று.
கூட வந்தவள் கத்துகிறாள்:
"நஞ்சு இன்னும் விழலே! நஞ்சு விழலேன்னு சொல்லுங்க!"

டாக்டர் திரைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
அதே டாக்டர்.

நஞ்சு.
கையெல்லாம் வேர்த்தது.
நான் நேரம் எடுத்துக்கொண்டேன்,
யார் முகம் சுளித்தாலும் சரியென்று.
"ஆஃப்டர்பர்த்" என்றேன்.
"குழந்தைக்குப் பின்னால் வருவது.
அது இன்னும் வரவில்லை என்கிறாள்."
சரி, என்று குனிந்தார்.

திரைக்குள்ளிருந்து உண்ணாமலையின் குரல்,
களைத்து, தணிந்து,
யாரென்று கேட்காமலே:

"மாத்திச் சொல்லலையே?"