எழுத்துக்கு ஆறு ரூபாய்

தங்கமேடு பேரூராட்சியின் தலைவர்கள் பலகையைப்
புதிதாய் எழுத
கூடலூரிலிருந்து வந்திருக்கிறான் சவரியப்பன்.
எழுத்துக்கு ஆறு ரூபாய்.
புள்ளிக்கும் கொம்புக்கும் காசில்லை.

முதல் தலைவர் ஹார்விக் துரை.
கம்பெனிப் பங்கு விற்க லண்டன் போனவர்
திரும்பவில்லை.
அவர் போட்ட ஒரே தீர்மானம்
குதிரைப் பந்தய மைதானத்துக்கு வேலி.

அடுத்து மொய்தூட்டி சாகிபு.
சுரங்கம் மூடிய வருஷம்
நீராவி எந்திரத்தை எடைக்குப் போட்டு
சந்தைக்குத் தகரக் கூரை வேய்ந்தார்.
ஆனி பிறந்து மழை பிடித்தால்
இன்னும் அந்த எந்திரம்தான் ஓடுகிறது
மீன்காரர்களின் தலைக்கு மேல்.

நஞ்சா கவுடர்
குழிகளை மூடச் சொல்லிக் கலெக்டருக்கு
பதினோரு கடிதம் எழுதினார்.
பன்னிரண்டாவதை எழுதாமல்
சொந்த மாட்டுவண்டியில் கல் ஏற்றிப் போய்
ஏழு குழிகளை மூடினார்.
எட்டாவது எங்கே என்று
அவருக்கும் தெரியவில்லை.

நான் கிளார்க்.
பழைய பதிவேடு என் மேஜையில்.
குழியில் விழுந்த மாடுகளுக்கு
உடையவன் பெயர், நிறம், கொம்பின் நீளம், நஷ்ட ஈடு.
விழுந்த ஆளுக்கு
"பணியன், ஒருவன்."

"சார், அடியில ஒரு வரி இடம் மிச்சம் இருக்கு"
என்றான் சவரியப்பன்.
எண்ணிப் பார்த்தேன், எட்டு எழுத்து.
புள்ளி போக நாற்பத்தெட்டு ரூபாய்,
என் பையில் இருந்தது.

எழுதினான்.
'முதல்' என்ற கட்டத்துக்கு வருஷம் கேட்டான்,
சொன்னேன்.
'வரை' என்ற கட்டத்துக்குக் கேட்டபோது
டீ வாங்கி வருகிறேன் என்று
வெளியே வந்துவிட்டேன்.
பனி இறங்கியிருந்தது.
பார்த்துப் பார்த்துக்
காலை வைத்தேன்.