உலர் எடை

செம்பூரில் ஒரு டிரஸ்ட் கட்டடத்தின் மூன்றாம் மாடி.
செருப்பைக் கழற்றிவிட்டு எடைமேடையில் ஏறுகிறேன்.
ஐம்பத்தேழு புள்ளி நான்கு.
'உங்கள் உலர் எடை ஐம்பத்து நான்கு'
கருவாட்டுக்கு விலை சொல்வதுபோல
மராத்தியில் சொல்கிறாள் பிரதன்யா.
மிச்சம் மூன்று கிலோ நானூறு கிராம்,
சனியும் ஞாயிறும் வெளியேற வழியின்றித் தங்கிய நீர்.
அதில் ஒரு டம்ளர் ரசமும் உண்டு.
அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இடது கையில்
தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம்
இரவும் பகலும் இரைகிறது.
இன்று காலை ரே ரோட்டில் ஏறிய கூட்டத்தில்
இந்தக் கை ஒருவன் முதுகில் நசுங்கிக் கிடந்தது.
வடாலா வருவதற்குள் மூன்று முறை
செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டான், பாவம்.
யாரும் அவனை அழைக்கவில்லை.
என் ரத்தம்தான்.

டாக்டர் லோபோ கீழிமையை இழுத்துப் பார்க்கிறார்.
வெளிறிக் கிடக்கிறதாம். ஆறு புள்ளி ஒன்பது.
சிறுநீரகம் வெறும் கழிவு பிரிக்கிற உறுப்பு இல்லையாம்,
'ரத்தம் அனுப்பு' என்று
எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்குச் சீட்டு எழுதுவதும் அதுதானாம்.
எழுதுகிற ஆள் போய்விட்டான்.
இருக்கிற சொற்ப ரத்தத்தை வைத்துக்கொண்டு
இதயம் இரட்டை ஷிப்ட் பார்க்கிறது.
எக்கோவில் அதன் சுவர் தடித்திருக்கிறது,
மூட்டை தூக்குகிறவன் தோளில் ஏறிய காய்ப்புபோல.

'அதோடு, ஆக்சிஜன்' என்கிறார்.
கழிவு தேங்கிய உடம்பில் அது கட்டுக்கடங்காமல் திரிந்து
தொட்டதையெல்லாம் அரிக்கிறதாம்,
இதயத்தையும்.
'புரிகிறதா?'

எனக்கா புரியாது?
தாருகானாவில் இருபத்திரண்டு வருடம் கேஸ் கட்டர்.
புதிதாக வருகிறவன் தீதான் அறுக்கிறது என்று நினைப்பான்.
தீ பழுக்கக் காய்ச்சும், அவ்வளவுதான்.
இரும்பு செக்கச்செவேல் என்று ஆனதும்
பிடியை அழுத்தினால் சீறும் பாருங்கள், ஆக்சிஜன்,
அறுப்பது அது.
இரும்பு தானே எரிந்து தானே ஒழுகும்.
எழுத்துக்கூட்டவும் தெரியாத ஏதோ ஒரு மொழியில்
பெயர் எழுதியிருந்த கப்பல் ஒன்றை
ஏழே மாதத்தில் இல்லாமல் ஆக்கினோம்.

இப்போது எனக்குச் சொட்டுச் சொட்டாக இரும்பு ஏற்றுகிறார்கள்.
கப்பலின் அடியறையில் தேங்கி நிற்கும் தண்ணீரின் நிறம்.
கூடினால் அதுவும் உள்ளே எரிக்குமாம்.
டன் டன்னாக வெட்டித் தள்ளியிருக்கிறேன்,
ஒருநாளும் இரும்பு என்னிடம்
இவ்வளவு கணக்குக் கேட்டதில்லை.

நான்காம் படுக்கையில் புது விரிப்பு.
வெள்ளிக்கிழமை படியிறங்கிப் போன ஹஸ்முக் பாய்
நேற்று ராத்திரி.
'ஹார்ட்' என்றாள் பிரதன்யா. அதற்குமேல் பேசவில்லை.
உப்புக் காக்ரா டப்பா ஜன்னல் திட்டில் அப்படியே இருக்கிறது.
உப்பு ஆகாது என்று அவளே
நூறு தடவை பிடுங்கி வைத்த டப்பா.
தூக்கிப் போடவில்லை.
வேறு எங்கோ பார்த்தபடி என் ஊசியைச் செருகுகிறாள்,
வழக்கத்தைவிட வலிக்காமல்.

நான்கு மணி நேரம் கழித்து
ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு.

கீழே செல்வக்கனி ஃபிளாஸ்க்கோடு நிற்கிறாள்.
ரத்தம் ஊறுவதற்கான ஊசி சூடுபடக் கூடாது.
சிவ்ரியில் மீன் விற்கும் லதாபாயிடம் கேட்டு வாங்கிய ஐஸில் வைத்து
அவள்தான் கொண்டுவருவாள்.
மழை விடவில்லை.
சுனாபட்டியில் தண்டவாளம் தெரியவில்லையாம், ரயில் இல்லை.
கணுக்கால்வரை தண்ணீர், கூரையிலிருந்து தண்ணீர்,
பேருந்து ஒன்று எங்கள்மேல் வாரி அடித்த தண்ணீர்.
என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது.

கேட்காமலே மூடியைத் திருகி நீட்டுகிறாள்.
கடைசிக் கட்டி. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.
வாயில் போடுகிறேன்.
வாவல் மீன் வாசம்.
கடிக்காமல், கண்ணை மூடி, கரையவிடுகிறேன்.

குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
நோட்டை எடுத்து எழுதுகிறாள் செல்வக்கனி:
ஐஸ், ஐந்து மில்லி.