பின்பக்கம் முப்பத்தாறு

ஷூ டப்பா மூடி இருபத்தொன்று.
ஆம்பூர் கம்பெனி பஸ்ஸின் கடைசி இருக்கையில்
கயிறு கட்டிக் கொண்டுவந்து போட்டவர்
டிரைவர் கலீமுல்லா.
மூடிகளுக்குள் சிக்கி வந்த சின்னப் பொட்டலங்களில்
தின்னாதே என்று இங்கிலீஷ்.
என் ரெண்டாம் வகுப்பு
முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தது அதைத்தான்.
நான் எதுவும் சொல்லித்தரவில்லை.

செலவில்லாமல் செய்யுங்கள் என்றார்கள்
குடியாத்தம் பயிற்சியில்.
மார்க்கர் நாற்பது ரூபாய்.
கத்தரிக்கோல் என் சமையலறையுடையது,
மீன் வாசம் போகவில்லை.
மூடிக்குப் பன்னிரண்டு அட்டை,
அ தொடங்கி னௌ முடிய.
ஙௌ வந்தபோது மட்டும் கை நின்றது:
இதை யார், என்றைக்குக் கேட்கப்போகிறார்கள்?
இருந்தாலும் எழுதினேன். கணக்கு கணக்குதான்.
இருநூற்று நாற்பத்தேழு.
ஐந்து துண்டு வெறுமையாக மிஞ்சியது.
அதிலொன்றின் மேல் டீ டம்ளரை வைத்தேன்.

திங்கட்கிழமை.
பேர்ணாம்பட்டுக் காற்றில் வழக்கமான டேனரி வாடை.
பாயை விரித்து அட்டைகளைக் கொட்டி
அவரவர் பேரை அடுக்குங்கள் என்றேன்.

ஒரே ஒரு ல.
எழிலரசி ஒரு முனையை இழுக்கிறாள்,
முகிலன் மறுமுனையை.
கிழிவதற்குள் முகிலனுக்கே தோன்றிவிட்டது:
அவள் பேர் படுத்துக்கொள்ளட்டும்,
தன் பேர் மேலிருந்து இறங்கட்டும்,
ல நடுவில் ரெண்டு பேருக்கும்.
பாடக்குறிப்பில் அன்று மாலை
இதை என் யோசனை என்றுதான் எழுதினேன்.
பொய்தான். அடிக்கவில்லை இன்னும்.

ஷஹ்னாஸ் முன்னால் ஒரே அட்டை.
னா.
குவியலைக் கிளறினாள், என் முகம் பார்த்தாள்,
மறுபடி கிளறினாள்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
ஷ இல்லை. ஹ் இல்லை. ஸ் இல்லை.
வருகைப் பதிவேட்டில் தினமும் நான் கூப்பிடும் பேர்.
இரு, எழுதித் தருகிறேன் என்று
மார்க்கரின் மூடியைத் தேடுவதற்குள்

அவள் மூன்று அட்டைகளைக் கவிழ்த்துப் போட்டாள்,
பழுப்புப் பக்கம் மேலே தெரிய.
னாவுக்கு முன்னால் ரெண்டு,
பின்னால் ஒன்று.
ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து
ஷ, ஹ், னா, ஸ் என்றாள்.
கேட்காதவர்களுக்காக
இன்னொரு தடவை, சத்தமாக.

டீச்சர், அவ கவுத்துப் போட்டதுல
என் வி இருக்கு என்று அழ ஆரம்பித்தாள் ஜீவிதா.
அழுதுகொண்டே தேடியவள்
தன் ஜீயும் இல்லை என்று கண்டுபிடித்தபோது
அழுகையை நிறுத்திவிட்டு
என்னை முறைத்தாள்.

சாப்பாட்டு மணிக்குள் நாலு எழுதினேன்.
ஷ-வின் சுழி கோணிக்கொண்டது,
எழுதிப் பழகாத கை.
டம்ளர் வட்டம் விழுந்த துண்டு மட்டும்
எழுத்தில்லாமல் கிடக்கிறது.

போன வாரம் ஆய்வுக்கு வந்தவர்
எச்சில் தொட்டு எண்ணினார்.
இருநூற்று ஐம்பத்தொன்று.
மறுபடி எண்ணினார், அதே.
டீக்கறை அட்டையைத் தூக்கி
இது என்ன எழுத்து என்றார்.
பேர் வரவில்லை சார் இன்னும், என்றேன்.
படிவத்தில் 247 என்று போட்டுக்
கையெழுத்திட்டுப் போனார்.

இப்போது பேர் விளையாட்டென்றால்
ஷஹ்னாஸுக்கு நாலும் இருக்கின்றன.
ஆனாலும் ஷ-வை எடுத்ததும்
முதலில் திருப்பிப் பார்க்கிறாள்.
கேட்டேன்.
முப்பத்தாறு இருக்கா பாக்கறேன் டீச்சர்.
அம்மி தைக்கறது முப்பத்தாறு.

அந்த அட்டையில் முப்பத்தெட்டு.
உதட்டைப் பிதுக்கினாள்,
பரவாயில்லை என்பது மாதிரி
னாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்,
தள்ளி, ஹ்-க்கு இடம் விட்டு.