பத்து நாள் வேர்க்கக் கூடாது

மே மாதம். கிருஷ்ணகிரி.
வேர்க்கக் கூடாது என்கிறாள் முபீனா.

ரவுண்டானா பக்கம், டைல்ஸ் கடைக்கு மேல் மாடி.
மிஞ்சிய கிரானைட்டில் போட்ட படிக்கட்டு,
படிக்கொரு நிறம்.
மூன்று நாள் முன்பே ஏறி வந்து
காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு மை வைத்துக்கொண்டு போனேன்,
அரிக்கிறதா பார்க்க.
அரிக்கவில்லை.
ஆஸ்பிரின் இல்லை, காப்பி இல்லை,
முகத்துக்குப் பூசும் களிம்பையும் விட்டாயிற்று.
பெண் பார்க்க வந்த அன்றுகூட
இத்தனை பத்தியம் இருந்ததில்லை.

படிவம் கேட்டது:
சர்க்கரை உண்டா, கர்ப்பமா, காயம் தடித்து ஆறுமா.
எப்போது போனது என்று கேட்கவில்லை.
நானே சொன்னேன்.
ஆறு வருஷம். முதலில் இடது வால்.
தலையில் காசு அளவு ஒரு வட்டம்.
தலைமுடி திரும்பி வந்தது.
இது மட்டும்
கோபித்துக்கொண்டு போன மச்சினன் மாதிரி
இருக்கிற இடம் தெரியவில்லை.

அன்றிலிருந்து
காலை ஐந்தே காலுக்குப் பென்சில்,
ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ்.
ஏழு மணிக்கு
மாங்கூழ் ஆலையின் ஆவி அழித்துவிடும்.
தோத்தாபுரி பொறுக்கிப் போடுகிறவளுக்குக்
கையெல்லாம் பால், கண்ணெல்லாம் உப்பு.
துடைத்தால் கன்னம்வரை கரிக்கோடு.
எதிர் வரிசையிலிருந்து லோகாம்பாள்
விரலால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டுவாள்:
வலது போயிருச்சு.

புருவம் இல்லாத முகத்தில்
கோபம் நிற்பதில்லை.
ஒருநாள் சூப்பர்வைசரை முறைத்தேன்.
என்ன மாதேஸ்வரி, தூக்கமா, என்றார்.

மையில் தோய்த்த நூலை
நெற்றியில் வைத்துத் தெறித்தாள் முபீனா,
கொத்தனார் கோடு அடிப்பது போல.
மூக்கோரத்திலிருந்து ஒன்று, விழியோரத்திலிருந்து ஒன்று.
இடது கொஞ்சம் ஏறியிருக்கே, என்றேன்.
சரிபாதியா எந்த மூஞ்சியும் இல்லக்கா.

மரப்புக் களிம்பு, மேலே பிளாஸ்டிக் தாள்.
அரை மணி நேரம்
ஃப்ரிட்ஜில் மூடி வைத்த தேங்காய் மூடியாய்க் கிடந்தேன்.
பிறகு அந்த ஊசி வரிசை.
வலி அதிகமில்லை. சத்தம்தான்.
பனைமட்டையை யாரோ நகத்தால் கீறுகிறார்கள்,
என் எலும்புக்குள்.
ஒவ்வொரு மயிராக எழுதினாள்.
கடவுள் இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டார்.

சீசன் நடுவில் பத்து நாள், சம்பளம் இல்லை.
ஆறவைத்த வெந்நீரில் பஞ்சு. ஒற்று, தேய்க்காதே.
களிம்பு அரிசியளவு.
குப்புறப் படுக்காதே, வெயிலில் போகாதே,
அடுப்பின் ஆவிகூட ஆகாது.
திம்மராயன் முதன்முறையாகச் சோறு வடித்தான்.
கஞ்சியோடு கால்வாசிச் சோறும் போனது.

முதல் நாள் இரண்டு கம்பளிப்பூச்சி;
பையன் கிட்டே வரவில்லை.
ஐந்தாம் நாள் அரிப்பு.
பிய்த்தால் நிறமும் கையோடு வரும் என்றிருந்தாள்.
இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து
உட்கார்ந்தே சீரியல் பார்த்தேன்.
எட்டாம் நாள் தவிடாக உதிர்ந்தது.
பத்தாம் நாள் கண்ணாடியில்
ஒன்றுமே இல்லை.
அழப் பயம்,
கண்ணீரும் உப்புத்தானே.
போன் போட்டேன்.
இருக்குக்கா, தோலுக்கு அடியில. மூணு வாரம் பொறு.
தோலுக்கு அடியில்
என் ஒன்பதாயிரம் ரூபாய்.

வந்தது.
எந்தக் கிழமை என்று சொல்லத் தெரியவில்லை,
பஸ் கண்ணாடியில் பார்த்தேன், இருந்தது.
ஆலை வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் மெஷின்
மூன்று முறை பார்த்துவிட்டு
ஆள் தெரியவில்லை என்றது.
விரலை வைத்துத்தான் உள்ளே போனேன்.
பத்து நாள் விடுப்பைப் பன்னிரண்டாகப் பிடித்திருந்தார்கள்.
நான் வாயே திறக்கவில்லை, பார்த்தேன்.
சரிம்மா, சரி, மாத்திடலாம், என்றார்.

வேர்வை மட்டும்
நேராகக் கண்ணுக்குள்தான் இறங்குகிறது.
சுவரில் குடை வரைந்தால் மழை நிற்குமா?
நெற்றியில் துணிப்பட்டை கட்டிக்கொண்டேன்.
துடைத்தால் கன்னத்தில் கறுப்பு இல்லை.
ஏழு மணிக்கு, பழக்கதோஷத்தில்,
லோகாம்பாள் விரலைத் தூக்குகிறாள்.
தூக்கிய விரலை
என்ன செய்வதென்று தெரியாமல்
அடுத்த மாம்பழத்தை எடுக்கிறாள்.